அரைப் புள்ளிக்கு ஒரு நாற்காலி

சங்கத்தில் இளைஞர்களே இல்லை என்பதைத் தலைவர் கார்த்திகேய சிவம் மதுரையில் ஒரு ஓட்டலின் ஏ.சி. ஹாலில் உட்கார்ந்துதான் கண்டுபிடித்தார். சங்கத் தலைவர்களுக்கென்று நடந்த ஒருநாள் பயிற்சி அது. பயிற்சி கொடுத்தவர் டை கட்டியிருந்தார். "இளைஞர் இல்லாத சங்கம், ஆள் இல்லாமப் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடு" என்று அவர் சொன்னதும் தலைவருக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. காரைக்குடிக்காரரிடம் போய்ச் சொல்கிற பேச்சா அது? பஸ்ஸில் திரும்பும்போது ஊர் நெருங்க நெருங்கப் பூட்டிய வீடாகவே அவர் கண்ணில் பட்டது.

மறுநாளே காரைக்குடி வட்டார மின்பணியாளர் நலச் சங்கத்தின் அவசரக் கூட்டம் கூடியது. அவசரக் கூட்டத்துக்கும் சாதாரணக் கூட்டத்துக்கும் ஒரே வித்தியாசம், அவசரக் கூட்டத்தில் வடை கிடையாது.

நாற்காலிகளை எடுத்துப் போட்டவர் முத்தரசு. எந்தக் கூட்டமானாலும் அவர்தான் போடுவார். மைக் கட்டுவதும் அவர், பிளக்ஸ் ஏற்றுவதும் அவர், முடிந்தபின் டீ கிளாஸ் பொறுக்குவதும் அவர். 'சங்கத்து ஏணி' என்று எல்லோரும் உரிமையோடு சொல்வது முத்தரசின் சொந்த ஏணி. செஞ்சையில் குடியிருக்கும் வயரிங்காரர், வயது நாற்பத்தாறு. இருபது வருஷமாக உறுப்பினர். மனிதருக்குப் பெரிய ஆசை ஒன்றும் கிடையாது. மேடையில் ஒரு நாற்காலி, பிளக்ஸில் ஒரு முகம், அவ்வளவுதான். சங்கத்து பிளக்ஸில் தலைவரின் முகம் தாம்பாளம் அளவுக்கு இருக்கும். செயலாளர் முகம் சாப்பாட்டுத் தட்டு அளவு. மற்ற பொறுப்பாளர்கள் சாஸர் அளவு. முத்தரசுக்குச் சாஸர் போதும். அதற்காகவே ஸ்டுடியோவில் நீலத் துணிக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு படம் எடுத்து, பர்ஸில் முருகனுக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார்.

துணைச் செயலாளராக இருந்தவர் மகனோடு இருக்கச் சிங்கப்பூர் போய்விட்டதால் அந்த நாற்காலி தை மாசத்திலிருந்து காலி. "அது உனக்குத்தான் முத்தரசு, வேற யாருக்கு?" என்று பொங்கலன்று தலைவர் வாயாரச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து முத்தரசு அந்த ஒரு நாற்காலியை மட்டும் தோள் துண்டால் துடைத்துவிட்டுப் போடுவார்.

தலைவர் பேச எழுந்தார்.

"நம்ம சங்கத்துல இளைஞர்களுக்கு எப்பவுமே முழு வாய்ப்பு உண்டு. நானே இளைஞனா இருக்கையில தலைவரானவன்தான். அந்த இளைஞன்தான் இன்னைக்கு வரைக்கும் தலைவரா இருக்கான்."

கை தட்டினார்கள். செயலாளர் வேல்பாண்டி அடுத்துப் பேசினார். "இளைஞர்கள் சொல்றதை நாம காது குடுத்துக் கேக்கணும். அதனால அவுக என்ன சொல்வாகங்கிறதை நாமளே எழுதி வச்சுட்டோம்னா, கேக்குறதுக்குச் சுலபமா இருக்கும்." அதற்கும் கை தட்டினார்கள்.

உடனே 'இளைஞர் ஈர்ப்புக் குழு' அமைக்கப்பட்டது. குழுவில் ஐந்து பேர். நாலு பேருக்கு அறுபதாம் கல்யாணம் முடிந்திருந்தது. ஐந்தாமவருக்கு ஆவணியில் நாள் குறித்திருந்தார்கள். ஈர்ப்பது எப்படி என்று ஆலோசித்தார்கள். கேரம் போர்டு வாங்கலாம் என்றார் ஒருவர். வடைக்குப் பதில் பப்ஸ் போட்டுப் பார்க்கலாம் என்றார் இன்னொருவர். பப்ஸ் பல்லுக்கு ஒத்துக்கொள்ளாது என்று குழுவில் பெரும்பான்மையினர் கருதியதால் அது கைவிடப்பட்டது.

அப்போதுதான் வேல்பாண்டி 'பீஸ் போச்சு' பற்றிச் சொன்னார்.

'பீஸ் போச்சு' என்பது ஒரு வாட்ஸாப் குரூப். முத்தரசு தெருவிலேயே இருக்கும் உதயகுமார் என்ற இருபத்து நாலு வயசுப் பையன் ஆரம்பித்தது. கேமரா மாட்டுகிறவர்கள், சோலார் போடுகிறவர்கள், ஏ.சி. பார்க்கிறவர்கள் என்று சுற்றுப்பட்டுச் சின்ன வயசுக்காரர்கள் அத்தனை பேரும் அதில்தான் இருந்தார்கள். பெரிய வேலை வந்தால் பிரித்துக்கொள்வார்கள். ஒருத்தனிடம் டிரில்லிங் மெஷின் இல்லையென்றால் இன்னொருத்தன் கொண்டுவந்து கொடுப்பான். தேவகோட்டையில் ஒருத்தன் விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது, அவன் எடுத்திருந்த வேலைகளையெல்லாம் முறை வைத்து முடித்துக் கொடுத்தார்கள். சங்க விதியில் 'நோக்கங்கள்' என்ற தலைப்பின் கீழ் என்னென்ன எழுதியிருந்ததோ அதையெல்லாம் பிளக்ஸ் இல்லாமலே செய்துகொண்டிருந்தார்கள்.

"அதுக்குத் தலைவர் யாரு?" என்று கார்த்திகேய சிவம் கேட்டார்.

"தலைவரே இல்லையாம்."

"செயலாளர்?"

"அதுவும் இல்லையாம்."

"அப்பப் பொன்னாடைய யாருக்குப் போத்துவாக?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு ஒண்ணும் பொறாமை இல்ல. ஒரு மெசேஜ் போட்டா அத்தனை பேரும் ஓடி வாராகன்னா சந்தோஷந்தான். என்னையக் கேக்காம ஓடி வாராகளேங்கிறதுதான் வருத்தம்." பிறகு தீர்மானத்தைச் சொன்னார். "அந்த உதயகுமாரைத் துணைச் செயலாளராப் போடுவோம். ஆடு வந்துட்டா மந்தை தானா வரும்."

டீ ஊற்றிக்கொண்டிருந்த முத்தரசு கிளாஸ் நிறைந்தது தெரியாமல் ஊற்றிக்கொண்டே நின்றார்.

"நீயே போய்க் கூட்டியா முத்தரசு. உங்க தெருப் பையன்தானே" என்றார் தலைவர். பொங்கலன்று சொன்ன வாய்தான் அதுவும்.

முத்தரசுக்கு வயிறு எரிந்தது. அடுப்பில் வைத்த மாதிரி எரிந்தது. அந்தப் பையன் ஒரு தடவையாவது நாற்காலி தூக்கியிருப்பானா? டீ கிளாஸ் பொறுக்கியிருப்பானா? வீட்டில் சொன்னபோது மனைவி சித்ரா மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்: "இருபது வருஷமாச் சேரைத் தூக்கிப் போட்டீக. ஒரு தடவையாவது அதுல உக்காந்து பாத்தீகளா? உக்காந்திருந்தா எந்திரிக்கச் சொல்லவாவது கூப்பிட்டுருப்பாக."

உதயகுமார் கொத்தமங்கலத்தில் இருந்தான். அங்கே பெரிய வீடு ஒன்றை ஓட்டலாக்கிக்கொண்டிருந்தார்கள். முற்றத்துத் தூண்களுக்கு மேலே கேமரா மாட்டிக்கொண்டு அவன் ஏணி உச்சியில் நின்றான். கீழே ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு துர்காதேவி. அவளும் இதே தொழில்தான். தேவகோட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வந்து போகிறவள். முத்தரசு கும்பிட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"கையை எடுக்க மாட்டேண்ணே, தப்பா நினைக்காதீக. ஒருத்தர் ஏணியில நின்னா இன்னொருத்தர் கீழ பிடிக்கணும். எங்க குரூப்ல இருக்கிற ஒரே ரூல் அதுதான்."

அதைக் கேட்டு முத்தரசுக்கு இன்னும் கொஞ்சம் எரிந்தது. அவர் ஏணியை யாரும் பிடித்ததில்லை. பிளக்ஸ் கட்டும்போது சங்கமே கீழே நிற்கும். "கொஞ்சம் இங்குட்டு, கொஞ்சம் அங்குட்டு" என்று விரல் நீட்டுவார்கள், அதோடு சரி.

உதயகுமார் இறங்கி வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டான். விஷயத்தைக் கேட்டான். "சங்கத்துல என்னண்ணே செய்வீக?"

"மாசாமாசம் கூட்டம் போடுவோம் தம்பி."

"கூட்டத்துல?"

"அடுத்த கூட்டம் எப்பன்னு பேசுவோம்."

உண்மையைச் சொல்லிவிட்டோம் என்பது சொன்ன பிறகுதான் முத்தரசுக்குத் தெரிந்தது. அப்படியே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "பெரிய தொல்லை தம்பி. உனக்கு இருக்கிற வேலையில இதெல்லாம் தோதுப்படுமா? பாத்துக்க."

"அப்ப நீங்களே அந்தப் பொறுப்புல இருக்கலாமேண்ணே? உங்களை விட்டா அங்க வேலை செய்ய யாரு இருக்கா?"

பையன் நல்ல மனசோடுதான் சொன்னான். அதுதான் தாங்கவில்லை. ஒரு மனுஷன் பாதி ஆயுசாக ஏங்கிக் கிடப்பதை, வேண்டாத வடையைப் பக்கத்து இலைக்குத் தள்ளுவது போலத் தள்ளுகிறானே! இந்தப் பயல் ஆசைப்பட்டு, கிடைக்காமல் போயிருந்தால் முத்தரசுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

"சரி, யோசிச்சுச் சொல்றேண்ணே" என்றான் உதயகுமார்.

"யோசிக்கிறான்னா சம்மதம்னுதான் அர்த்தம்" என்றார் தலைவர். "வேண்டாங்கிறவன் எதுக்கு யோசிக்கப் போறான்?" அன்றைக்கே பிளக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டார்கள். 'இளைஞர் எழுச்சி விழா'. உதயகுமார் படத்தை அவன் வாட்ஸாப்பிலிருந்து எடுத்தார்கள். டீ சர்ட், கழுத்தில் ஹெட்போன், முகத்தில் ஒரு சிரிப்பு. இளைஞர்களைக் கவர வேண்டுமென்று அதைச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கே போட்டார்கள். செக்காலை ரோட்டு மண்டப வாசலில் முத்தரசு தன் சொந்த ஏணியில் ஏறி, யாரும் பிடிக்காமல், அந்தச் சிரிப்பை உயரே கட்டிவிட்டு இறங்கினார்.

பிளக்ஸ் ஏறிய பிறகுதான் வேல்பாண்டிக்கு விதி ஞாபகம் வந்தது.

நகரத்தார் கோயில்களில் கல்யாணமானவர்களைப் புள்ளி என்று கணக்கு வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். கோயிலுக்கு அது சரி. சங்கத்தை ஆரம்பித்து வைத்த பெரியவர் தமக்குத் தெரிந்த கணக்கு அது ஒன்றுதான் என்பதால் அதையே தம் பாணியில் நீட்டிச் சங்கத்துக்கும் விதியாக எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். கல்யாணமானவர் முழுப் புள்ளி. ஆகாதவர் அரைப் புள்ளி. அரைப் புள்ளிகள் இரண்டு பேர் சேர்ந்து வந்தால் ஒரு ஓட்டு. டீயும் அப்படித்தான், ஒன்றை இரண்டாக ஆற்றிக் குடிக்க வேண்டும். பதவி முழுப் புள்ளிக்கு மட்டும். முன்பொரு காலத்தில் ஒரு பையன் சேர வந்தான். பாதி டீயைக் குடித்துவிட்டு மீதிப் பாதி ஆளைத் தேடிப் போனவன் திரும்பவே இல்லை.

உதயகுமாருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

முத்தரசுக்கு வயிறு குளிர்ந்தது. அப்பனே முருகா என்று பர்ஸைத் தொட்டுக்கொண்டார். விதியைத் திருத்திவிடலாமே என்று யாரோ முனகியபோது தலைவர் எழுந்தே விட்டார். "பெரியவர் எழுதினதையா? உசிரே போனாலும் விதிய மாத்த முடியாது. பையனைத்தான் மாத்தணும்."

இளைஞர் ஈர்ப்புக் குழு அன்று சாயங்காலமே பெண் பார்க்கும் குழு ஆயிற்று. தலைவர் முத்தரசைத் தனியே அழைத்தார். "உன் கொழுந்தியா மகளுக்கு வரன் பாக்குறாகல்ல? நம்ம துணைச் செயலாளருக்கே முடிச்சிருவோம்."

சித்ரா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "நாற்காலியும் அவனுக்கு, பொண்ணும் அவனுக்கு. கல்யாணத்துக்குச் சீரியல் லைட்டும் நீங்களே கட்டுவீக. போங்க, போயித் தட்டைத் தூக்குங்க."

தட்டைத் தூக்கினார். தேங்காய், பழம், வெற்றிலை பாக்கோடு தலைவரும் குழுவின் ஐந்து பெரியவர்களும் முன்னே நடக்க, முத்தரசு பின்னே நடந்தார். உதயகுமாரின் அம்மா நாகவல்லி வாசலிலேயே திகைத்து நின்றுவிட்டாள்.

"வாங்கண்ணே, உக்காருங்க. ஆனா ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காதீக. ஆடி மாசத்துல சம்பந்தம் பேசப் பழத்தட்டோட வந்த மொதக் கூட்டம் நீங்கதான். முகூர்த்தம் எங்க இருக்கு?"

தொண்டர்கள் தயங்கலாம், தலைவர் தயங்கக் கூடாது. "கல்யாணம் ஆவணியில வச்சுக்கலாம்மா. ஞாயித்துக்கிழமை விழா. அதுக்குள்ள வெத்தலை பாக்கு மட்டும் மாத்திட்டா முக்காப் புள்ளின்னு எழுதிக்கிருவோம்" என்றார்.

மறுநாள் உதயகுமார் சங்கத்துக்கே வந்துவிட்டான். கூடத் துர்காதேவியும் வந்தாள். அவன் சத்தம் போடவில்லை. "ஐயா, கல்யாணம் பண்றப்பச் சொல்லி அனுப்புறேன், எல்லாரும் வாங்க. ஆனா சங்கத்துக்காகப் பண்ண முடியாது. கரண்டு எங்களை அரைப் புள்ளின்னு பாத்துப் பாதியா அடிக்கிறதில்லையே. எங்களுக்கு இது வேண்டாங்கய்யா."

துர்காதேவி நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாள். "எனக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்க. அப்ப நான் முழுப் புள்ளியா?"

வேல்பாண்டி விதிகளை முன்னும் பின்னும் புரட்டினார். தலைவர்தான் கனிவோடு பதில் சொன்னார். "உன்னையப் பத்தி விதியில ஒண்ணுமே இல்லம்மா. அதனால உனக்கு எந்தத் தடையும் கிடையாது. சேரத்தான் முடியாது."

இரண்டு பேரும் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வேலை இருந்தது.

விழாவுக்கும் துணைச் செயலாளர் நாற்காலிக்கும் ஒரு இளைஞர் தேவை. பெரியவர் விதியில் புள்ளி இருந்ததே தவிர, இளைஞர் என்றால் யார் என்று எழுதப்படவில்லை. எழுதாததை எழுதலாம் அல்லவா? 'மனதளவில் எவரும், வயதளவில் ஐம்பதுக்கு உட்பட்டவரும் இளைஞர் ஆவர்' என்ற தீர்மானம் டீ வருவதற்குள் நிறைவேறியது. ஐம்பதுக்கு உட்பட்டவர் யார் என்று எல்லோரும் சுற்றிப் பார்த்தார்கள். டீத் தட்டோடு உள்ளே நுழைந்தார் முத்தரசு.

"கண்டுபிடிச்சிட்டோம்!" என்றார் தலைவர், தட்டைக் கூட வாங்காமல்.

முத்தரசுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது சித்ரா அவர் மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நல்லா நீட்டுங்க காலை, இளைஞர் அணி" என்றாள். ஆனாலும் அவருடைய வெள்ளை வேட்டியை அவளே எடுத்து நீலம் போட்டு வைத்தாள்.

புதுப் பிளக்ஸ் அடிக்க நேரமில்லை. பர்ஸிலிருந்த படத்தைப் பெரிதாக்கி, உதயகுமார் முகத்தின் மேல் ஒட்டினார்கள். ஒட்டியவர் முத்தரசுதான். கழுத்துக்குக் கீழே டீ சர்ட்டும் ஹெட்போனும், கழுத்துக்கு மேலே விபூதியும் மீசையும். பார்க்கச் சுமார்தான். ஆனால் சாஸர் கேட்டவருக்குச் சாப்பாட்டுத் தட்டு கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை முத்தரசு மண்டபம் முழுக்க நாற்காலி போட்டு முடித்து, மைக்கைச் சோதித்து, ஓடிப்போய் மேடையில் உட்கார்ந்தார். பொன்னாடை ஒன்றுதான். ஒருவருக்குப் போர்த்தி, பின்பக்கம் வாங்கி மடித்து, அடுத்தவருக்குப் போர்த்துவது சங்க மரபு. இத்தனை காலம் பின்பக்கம் நின்று மடித்துக் கொடுத்தவர் முத்தரசு. அவர் முறை வந்தபோது அது பலர் தோளின் சூட்டோடு வந்து சேர்ந்தது. மடிக்க ஆள் இல்லாததால் அவரே எழுந்து மடித்துக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

'இளைஞர்களுக்கு மட்டும்' என்று எழுதி ஒட்டிய இரண்டு வரிசையிலும் பெரியவர்களின் குடைகளும் பைகளும் உட்கார்ந்திருந்தன. தலைவர் முழங்கினார்: "வராதது இளைஞர்களுக்குத்தான் நஷ்டம். வந்திருந்தா, அவுக ஏன் வரலைங்கிறதை நாங்க இவ்வளவு நேரம் விளக்கமாப் பேசினதைக் கேட்டிருக்கலாம்!" மண்டபம் அதிர்ந்தது. இளைஞர் சார்பில் பேச முத்தரசு எழுந்தபோது சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். எழுந்ததற்கு ஒரு நன்றி சொல்லி உட்காரவைத்தார்கள்.

உட்கார்ந்தவர் மடியில் போனைத் திறந்தார். தெருப் பையன் ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். காளையார்கோவிலில் கூட்டாளி ஒருத்தன் வீடு கட்டுகிறான். குரூப்பே திரண்டு போய் ஒரே நாளில் வயரிங் முடித்துக் கொடுத்திருக்கிறது. பூசாத சுவருக்குக் கீழே தரையில் வட்டமாக உட்கார்ந்து பரோட்டா தின்கிறார்கள். உதயகுமார் வாய் நிறைய வைத்துக்கொண்டு சிரிக்கிறான். அந்தப் படத்தில் ஒரு நாற்காலி கூட இல்லை. நாற்காலி கிடைத்த பிறகும் இந்தப் பாழும் வயிறு ஏன் எரிகிறது என்று முத்தரசுக்குப் புரியவில்லை.

மறுநாள் காலையில் காற்று கிளம்பியது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், துணைச் செயலாளர் எம்மாத்திரம்? முத்தரசு வேலைக்குப் போகிற வழியில் நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் தாடையோடு பிய்ந்து தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து உதயகுமார் ஊரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

முத்தரசு வேலைக்குப் போகவில்லை. பசை டப்பாவும் ஏணியுமாகத் திரும்பி வந்து ஏறினார். காற்றில் ஏணி ஆட்டம் போட்டது. ஒரு கையால் கம்பத்தைப் பிடித்து, மறு கையால் தன் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கீழே பைக்குகள் நின்றன.

"அண்ணே! இந்தக் காத்துல ஒத்தையிலயா நிக்கிறீக?"

உதயகுமார்தான். வண்டியைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஓடிவந்து ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தான். அவன் கூட்டாளிகள் பைக்கை அணைத்துவிட்டுப் பொறுமையாகக் காத்திருந்தார்கள். பிறகுதான் அவன் நிமிர்ந்து, என்ன வேலை நடக்கிறது என்று பார்த்தான்.

முத்தரசுக்கு உடம்பு கூசியது. ஏதாவது சொல்வான், குத்தலாக ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தார். சொன்னால் தேவலை என்றுகூட இருந்தது.

"உங்க படமாண்ணே? ஜம்முன்னு இருக்கு. நல்லா ஒட்டுங்க, இல்லாட்டி எங்க ஆத்தா திரும்பவும் பொண்ணு பேச வந்துட்டாகன்னு பயந்துக்கிரும்." தலையைச் சாய்த்துப் பார்த்தான். "வலது பக்கம் இன்னுங் கொஞ்சம் அழுத்துங்கண்ணே. என் காது தெரியுது."

முத்தரசு குனிந்து அவன் முகத்தையே பார்த்தார். ஒரு பொட்டுப் பொறாமையாவது எங்கேயாவது ஒளிந்திருக்காதா என்று தேடினார். கண்ணில் இல்லை, உதட்டில் இல்லை. இவ்வளவு பாடுபட்டு வாங்கிய நாற்காலியைப் பார்த்து வயிறெரிய ஊரில் ஒரு ஆள் இல்லை.

அவர் திரும்பி அந்தக் காதை அழுத்தினார். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக ஏணி அசையாமல் நின்றது. கால்தான் நடுங்கியது.